ஒரு மாதம் பொறுத்திருந்தால் எங்கள் லேண்ட்லைன் நம்பர் பிழைத்திருக்கும்

எங்கள் வீட்டுக்கு லேண்ட்லைன் வந்தது 1994-ல். அப்பா விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய லைன் அது. கும்பகோணத்து நம்பர்களுக்கு முன்னால் பிறகு ஒரு 2 சேர்ந்ததே, அது ஒன்றுதான் முப்பது வருடத்தில் அந்த நம்பரில் நடந்த மாற்றம். 2024 ஜூலையில் நானே போய்க் கையெழுத்துப் போட்டு அதை சரண்டர் செய்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் பட்ட பாட்டை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கணவர் மஸ்கட்டில், பையன் சென்னையில் கல்லூரியில், வீட்டில் நானும் எழுபத்தெட்டு வயது அம்மாவும் மட்டும். போனில் விளக்கலாம் என்றால் போன்தான் பிரச்சினையே. கம்பியை எடுத்துவிட்டு டவர் இணைப்புக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் முழுதாக எழுதுகிறேன்.

மாற நினைத்ததில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். நான் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க் குடும்பங்களின் பிள்ளைகள். பழைய செப்புக் கம்பியில் வரும் பிராட்பேண்ட் அதற்குப் போதவில்லை. அந்தக் கம்பியில் எவ்வளவு வேகம் வரும் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்ற முறையில் ஏட்டளவில் 24 எம்பிபிஎஸ் உண்டு. ஆனால் தூரம் கூடக்கூட கம்பியிலேயே அது கரைந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வரும் கம்பி சுற்றிச் சுற்றி நாலு கிலோமீட்டராவது இருக்கும். 4 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி நான் பார்த்ததில்லை. மழை பெய்தால் ஜாயிண்டில் ஈரம் ஏறி, பேசும்போது ‘கர்’ரென்று இரையும், நெட் அறுந்து அறுந்து வரும். கம்பி என்றால் பொன் என்று சொல்ல நான் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு தம்பி நோட்டீஸோடு வந்தார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மொட்டைமாடியில் ஒரு பெட்டி வைப்போம், அது 5ஜி டவரிலிருந்து சிக்னல் எடுக்கும், வீட்டுக்குள் ஒரு ரவுட்டர், அதிலேயே போனும் செருகிக்கொள்ளலாம், மாதம் 599 ரூபாய், 30 எம்பிபிஎஸ் என்றார். நான் மூன்று கேள்வி கேட்டேன். சாயந்திரமும் இதே வேகம் வருமா? “கண்டிப்பா மேடம்.” கரண்ட் போனால் வேலை செய்யுமா? “டவருக்கு ஜெனரேட்டர் இருக்கு மேடம்.” எங்கள் பழைய நம்பரே வருமா? “அதெல்லாம் போர்ட் பண்ணிக்கலாம், மொபைல் மாதிரிதான்.” மூன்று பதிலையும் அப்படியே நம்பினேன். ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினேன். வரியோடு 4,241 ரூபாய். பெட்டியை மாட்டும் கூலி வரியோடு 1,180. மொத்தம் 5,421 ரூபாய்.

அந்தப் பதில்களில் ஒவ்வொன்றாக எது தப்பு என்று எனக்குத் தெரிந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் நம்பர். இந்தியாவில் கம்பெனி மாறினாலும் நம்பர் மாறாத வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. ஆனால் அது மொபைலுக்கு மட்டும். லேண்ட்லைன் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. இது எனக்கு அப்போது தெரியாது. பழைய லைனை சரண்டர் செய்தால்தான் நம்பர் ‘ஃப்ரீ’ ஆகி இங்கே வரும் என்று அந்தத் தம்பி சொன்னதைக் கேட்டு, புது இணைப்பு வந்த பன்னிரண்டாம் நாள் போய் சரண்டர் செய்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண்மணி, “சேஃப் கஸ்டடியில வேணா போட்டு வைங்களேன், வாடகை குறைச்சல்தான்” என்று சொன்னார். லைனை மூடாமல் கொஞ்ச காலம் தூங்கவைப்பது போன்ற ஏற்பாடு அது. “இல்லைங்க, அங்க மாத்திட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் மனசு பிசைகிறது.

புது ரவுட்டரில் வந்தது வேறு நம்பர். அம்மாவுக்கு மொபைல் பழக்கமில்லை. காது கொஞ்சம் மந்தம். ஹாலில் இருக்கும் பழைய போனின் மணிதான் அவளுக்குக் கேட்கும். அவளிடம் ஒரு நீள நோட்டு உண்டு. சொந்தக்காரர், டாக்டர், மளிகைக் கடை, காஸ் ஏஜென்சி எல்லாருடைய நம்பரும் அதில் இருக்கும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குக் கூப்பிடும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று வந்ததே, அன்று உட்கார்ந்து ஒவ்வொரு மொபைல் நம்பருக்கும் முன்னால் சிவப்புப் பேனாவால் 0 போட்டாள். அவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தவளிடம் நம் நம்பரே மாறிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று அந்தத் தம்பி சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அம்மாவிடம் அதையே சொன்னேன். மன்னார்குடியில் இருக்கும் சித்தி ஞாயிறு காலை பத்து மணிக்குத் தவறாமல் கூப்பிடுவாள். அந்த ஞாயிறு அம்மா குளித்து, சாப்பிட்டு, போன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பதினொன்று ஆயிற்று. “போனே அடிக்கலையேடி, அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ” என்றாள். அங்கே சித்தி, இந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்ற குரலைக் கேட்டுவிட்டு, அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, பேரனை விட்டு என் மொபைலைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். அன்றுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. “உங்கப்பா வாங்கின நம்பர்” என்று மட்டும் சொன்னாள்.

லைனை மூடும் எண்ணம் இருந்தால், அந்த நம்பர் எங்கெங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எனக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கணக்கு, எல்ஐசி, அப்பாவின் பழைய வங்கி லாக்கர், காஸ், ஆஸ்பத்திரியில் அவள் பெயருக்கு இருக்கும் கோப்பு எல்லாவற்றிலும் தொடர்புக்கு அந்த லேண்ட்லைன்தான். லாக்கருக்காக மட்டும் ரெண்டு நாள் அலைந்தேன். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதென்றால் வாட்ஸ்அப்பில் போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். லேண்ட்லைனுக்குக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இல்லாதவர்கள். போஸ்ட் கார்டு போட்டேன், பதினேழு கார்டு.

அடுத்தது வேகம். முதல் ரெண்டு வாரம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர்கள் சோதித்துக் காட்டியது காலை பதினோரு மணிக்கு. நானும் பகலில்தான் அடிக்கடி பார்த்தேன், 29, 30 என்று காட்டும். பள்ளிகள் முழு வேகத்தில் நடக்க ஆரம்பித்து சாயந்திர வகுப்புகள் கூடிய பிறகுதான் ராத்திரி எட்டு மணிக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தது. இறங்கும் வேகம் (டவுன்லோட்) 3, ஏறும் வேகம் (அப்லோட்) 0.6. நான் கரும்பலகையில் எழுதுவது அந்தப் பக்கம் கட்டம் கட்டமாகப் போகும், குரல் ரோபோ மாதிரி இழுக்கும். “மிஸ், நீங்க ஃப்ரீஸ் ஆயிட்டீங்க” என்று பிள்ளைகள் எழுதுவதுதான் வகுப்பு முழுக்க. காரணம் எளிதுதான். செப்புக் கம்பி மெதுவாக இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் வரை அது என் வீட்டுக்கே உரிய ஒரு ஜோடிக் கம்பி. டவரிலிருந்து வருவது அந்தத் திசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொதுவான காற்று. தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மொபைலில் படம் ஓடும் நேரமும் என் வகுப்பு நேரமும் ஒன்றுதான். கண்ணாடி இழையில் வரும் ஃபைபர் இணைப்பிலும் பகிர்வு உண்டு. ஒரே இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் அந்த இழையின் கொள்ளளவு பெரிது, எத்தனை வீடு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டவருக்குக் கீழே இன்று எத்தனை பேர் வருவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அதனால் டவர் இணைப்பைச் சோதிப்பதென்றால் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பதரைக்குள், ஒரு வாரம் தொடர்ந்து சோதியுங்கள். ஞாயிறு கட்டாயம். இறங்கும் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீடியோவில் நாம் பேசுவது போய்ச் சேருவது ஏறும் வேகத்தில். அதற்கு நிலையாக ஒன்றரை, ரெண்டு எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், ஆனால் நிலையாக இருக்க வேண்டும். இன்னொன்று பிங். சொல்வது அந்தப் பக்கம் போய்த் திரும்பிவர ஆகும் நேரம் அது. எனக்குப் பகலில் 40 மில்லி விநாடி, ராத்திரி 300-ஐத் தாண்டும். அப்படி இருந்தால் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, பேச்சே நடக்காது. வேகம் 30 என்று போட்டிருந்தாலும் போன் பேச லாயக்கில்லாமல் போவது இதனால்தான். இதெல்லாம் எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, ஸ்கிரீன்ஷாட். பின்னால் பணம் திரும்பக் கேட்டபோது எனக்குக் கைகொடுத்தது அந்த ஸ்கிரீன்ஷாட்கள் மட்டும்தான். ஆகஸ்ட் முடிவதற்குள் மூன்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மாதம் 4,500 ரூபாய் வருமானம் போயிற்று. பணத்தை விட, காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவர்களைப் பாதியில் விட்டோமே என்பதுதான் அதிகம் வலித்தது.

இனி சொல்லப்போவதுதான் இதை எழுதவே காரணம். ஆகஸ்டில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்து எங்கள் பகுதி முழுக்க இருட்டு. ரவுட்டர் அணைந்தது. டவருக்கு ஜெனரேட்டர் இருந்து என்ன, என் வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே! அதை நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருடமாகக் கரண்ட் போனாலும் போன் அடித்த வீடு. செப்புக் கம்பி போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, அங்குள்ள 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வந்துவிடும். நம் வீட்டு கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சரி, மொபைல் இருக்கிறதே என்று படுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு அம்மா முனகும் சத்தம். தொட்டால் புடவை நனைந்திருந்தது, அவ்வளவு வியர்வை. என்னைப் பார்த்து வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. விழுங்கும் நிலையில் இருந்ததால் டார்ச் வெளிச்சத்தில் சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழுத்தினேன். போகவில்லை. மறுபடி, மறுபடி. மேலே பார்த்தால் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. டவரின் பேட்டரியும் தீர்ந்திருந்தது. என் மொபைலும் அந்தப் பெட்டியும் ஒரே கம்பெனி, ஒரே டவர். வீட்டில் ரெண்டு இணைப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இருந்தது ஒன்றுதான்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த மாமா வீட்டில் பழைய லைனை எடுக்கவில்லை. திண்ணையை ஒட்டிய அறையில் தூசி படிந்த சிவப்பு போன். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்ததும் அந்த ‘ங்ங்ங்’ என்ற டயல் டோன் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது, அழுதேன். ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு பகல் இருந்து, சாயந்திரம் அம்மா நடந்தே வீட்டுக்குள் வந்தாள். மருத்துவச் செலவைப் பற்றி எழுத வேண்டாம், அது எப்படியும் வந்திருக்கக்கூடியது. அந்த நாலு மணியிலிருந்து நாலேகால் வரை நான் இருந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

வீட்டு நெட் எந்தக் கம்பெனியோ, மொபைல் வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஒரே வீட்டில் ரெண்டு மொபைல் இருந்தால் ரெண்டும் வேறு வேறாக இருக்கட்டும். நம் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் எட்டும் தூரத்தில் உயிரோடு இருந்தால் 112-க்குப் போன் போகக்கூடும். அன்று எனக்கு அது தோன்றவில்லை, நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் செப்பு லைன் வைத்திருப்பவர்கள் அதில் கார்ட்லெஸ் போனை மட்டும் மாட்டி வைக்காதீர்கள். அதன் அடிப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். சாதாரண வயர் போன் ஒன்று இருக்கட்டும்.

புகார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நேராக தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினேன். தனிநபர் புகார்களை அவர்கள் எடுப்பதில்லை என்று தெரிய ரெண்டு வாரம் வீணாயிற்று. முறை என்னவென்றால், முதலில் கம்பெனியின் புகார் மையம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்கக்கூடாது. அங்கே தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு, அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். புகார் மையத்தில் ஏழு முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பெட்டியை ‘ரீஸ்டார்ட்’ செய்யச் சொல்வார்கள். மேல்முறையீடு போட்டு, ராத்திரி வேக ஸ்கிரீன்ஷாட் இருபத்தொன்றை இணைத்த பிறகுதான் நிஜமான பதில் வந்தது. பயன்படுத்தாத நாலு மாதத்துக்கான 2,827 ரூபாயை நவம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். மாட்டும் கூலியும் ரெண்டு மாத வாடகையும் போனது போனதுதான். முன்பணம் ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் முறை எடுக்கும்போது கொஞ்சம் அதிகமானாலும் ஒரு மாதமாகவே கட்டுங்கள்.

இதற்கிடையில் செப்டம்பரிலேயே ஃபைபர் போட்டுக்கொண்டேன். பழைய நம்பர் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். லைன் உயிரோடு இருக்கும்போதே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாற்றக் கேட்டிருந்தால் அதே நம்பரிலேயே கொடுத்திருப்பார்கள் என்றார் லைன்மேன். மூடிய பிறகு புது நம்பர்தான். அந்த லைன்மேன் பொறுமையான மனிதர். ஒரு சின்ன கருவியை இழை நுனியில் வைத்து ‘-19’ என்று காட்டினார். அது ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கு. -27 பக்கம் போனால் தகராறு ஆரம்பிக்கும் என்றார். உங்கள் வீட்டில் போட்டு முடித்ததும் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாகிறது என்று கூப்பிடும்போது “அன்னைக்கு 19 இருந்தது” என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும். மிச்ச வயரை ஆணியில் இறுக்கிச் சுற்றக்கூடாது. இழை மடங்கினால் ஒளி கசியும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் செய்து நேரத்தை வீணாக்காமல் நேராகப் புகார் கொடுக்க வேண்டும்.

ஃபைபரும் கரண்ட் போனால் செத்துவிடும், இதை மறக்கக்கூடாது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. அதனால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன், 1,600 ரூபாய். பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போய் அதற்குச் சரியாக வாங்க வேண்டும். முதல் நாளே மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்த்தேன். நாலரை மணி. ஆனால் இங்கே மாதப் பராமரிப்புக்கு மின்வாரியம் நிறுத்துவது காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஐந்து வரை. அதனால் இன்னொன்று வாங்கி சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

டவர் இணைப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபைபர் எட்டாத ஊர்களுக்கும், அடிக்கடி வீடு மாறுகிற வாடகைக்காரர்களுக்கும், படம் பார்க்கவும் படிக்கவும் மட்டும் நெட் வேண்டும் என்பவர்களுக்கும் அது நல்லதுதான். என் தங்கை வீட்டில் டவர் ரொம்பப் பக்கம், கூட்டமும் இல்லை, குறையில்லாமல் ஓடுகிறது. நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். புதியது வந்ததும் பழையதை எடுத்துவிடாதீர்கள். ஒரு முழு மாதம் ரெண்டும் ஓடட்டும். அந்த மாதத்தில் நாலு ஞாயிறு ராத்திரி வரும், ஒரு ஷட்டவுன் நாள் வரும், ஒரு மழையாவது வரும். ரெண்டு வாடகை கொடுப்பதாகத் தோன்றும். என் பழைய லைனின் ஒரு மாத வாடகையை மிச்சம் பிடிக்கப் போய் நான் இழந்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் ஷட்டவுன் அன்று பத்தரை மணிக்கு ஹாலில் போன் அடித்தது. ஃபேன் நின்று புழுக்கமாக இருந்தது. அம்மா விசிறியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கரண்ட் இல்லையேடி?” என்றாள். எடுங்கம்மா என்றேன். மன்னார்குடிச் சித்திதான். புது நம்பரைத் தப்பில்லாமல் போட்டுவிட்டதாக அவள் கத்திச் சொன்னது எனக்கே சமையலறை வரை கேட்டது. அம்மா நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய நம்பரை அடிக்காமல், அதற்குக் கீழே புதியதை எழுதிக்கொண்டாள்.